முதலிடம் எந்தப் பள்ளிக்கு? பட்டியல் காட்டாத கணக்கு



எஸ்பிஎம் முடிவு வெளியாகும் நாளில் சுங்கை பாக்காப் போன்ற சிறிய ஊர்களிலும் அதே பேச்சுதான். எந்தப் பள்ளி எத்தனையாவது இடம்? கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு பட்டியல் தாவிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பெற்றோர் சிலர், பக்கத்திலிருக்கும் இடைநிலைப்பள்ளி வேண்டாம், பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கே அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறார்கள். விடியுமுன் எழுந்து பேருந்துக்கு நிற்கும் பிள்ளை, மாதாமாதம் கட்டணம் தேடும் தாய் தந்தை, இத்தனை சிரமமும் அந்த ஒரு தாளை நம்பித்தான். அப்படியானால் தாளில் உள்ள எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

பள்ளிச் சராசரித் தரம் என்பது எளிய கணக்கு. ஏ பிளஸ் பெற்றால் 0, ஏ என்றால் 1, சி என்றால் 6, தோல்வியான ஜி என்றால் 9. எல்லா மாணவர்களின் எல்லாப் பாடங்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். எண் குறையக் குறையப் பள்ளி மேலே ஏறும். நாட்டுச் சராசரி 2023 எஸ்பிஎம்மில் 4.60 ஆகவும், 2024 எஸ்பிஎம்மில் 4.49 ஆகவும் இருந்தது. கணக்கில் பிழை இல்லை. அதை வைத்து ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு நிறுத்துப் பார்ப்பதில்தான் கோளாறு.

பட்டியலின் உச்சியில் வழக்கமாக நிற்பவை முழு விடுதிப் பள்ளிகளும் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளும். அவை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவை. முன்பு யூபிஎஸ்ஆர் முடிவு பார்த்தார்கள். இப்போது தனி நுழைவு மதிப்பீடு இருக்கிறது. ஊர்ப்பள்ளிக்கு அந்த வசதி கிடையாது. வாசலுக்கு வருகிற பிள்ளை எவரானாலும் சேர்த்தாக வேண்டும்.

அந்த வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஆறு ஆண்டுகள் தமிழிலோ சீனத்திலோ படித்துவிட்டு, ஒரே நாளில் மலாய் மொழிக்கு மாறும் பிள்ளைகள். யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் மலாய்த் தாள்களில் குறைந்தது சி பெறாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த பிறகே படிவம் ஒன்றுக்குப் போனார்கள். அப்படி வந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை எஸ்பிஎம்மில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் சி வாங்கினால், சான்றிதழுக்குக் கட்டாயமான அந்த இரண்டு பாடங்களையும் தாண்டிவிட்டது என்று பொருள். வீட்டில் விருந்தே வைக்கலாம். ஆனால் பட்டியலில் அந்தச் சி வெறும் 6. நாட்டுச் சராசரியைவிட மோசமான எண். பிள்ளையைத் தூக்கிவிட்ட பள்ளியை அதே பிள்ளையின் தரம் கீழே இழுக்கிறது!

தமிழ்ப்பள்ளிகள் பட்ட பாடு இன்னொரு வகை. 7ஏ எத்தனை பேர், 2016 முதல் 8ஏ எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பல 150 பேர்கூட இல்லாத குறைந்த மாணவர் பள்ளிகள். ஆறாம் ஆண்டில் எட்டுப் பேர் இருந்தால், ஒரு பிள்ளை தவறினாலே தேர்ச்சி 12.5 விழுக்காடு சரியும். 160 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் ஒரு விழுக்காடுகூடக் குறையாது. சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ஆண்டு 'தரம் சரிந்தது' என்று பெயர் கட்டிவிடுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டு முதலாம் ஆண்டுப் பதிவு குறையும். பள்ளி மேலும் சிறுக்கும். 2021இல் யூபிஎஸ்ஆர் அகற்றப்பட்டது. கட்டிய பெயர் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

அரசாங்கமும் 2010இல் பள்ளிகளை ஏழு பட்டைகளாகப் பிரித்தது. மதிப்பெண்ணில் 70 விழுக்காடு தேர்வு முடிவு. மீதி 30 பள்ளியின் சுய மதிப்பீடு. முன்னேற்றம் காட்டிய தலைமையாசிரியர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆண்டு இறுதிச் சிறப்பு வகுப்பில் முன் வரிசை யாருக்குப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டினரும் இதில் தடுமாறியவர்களே. இங்கிலாந்தில் 1992இல் பட்டியல் வந்தது. வேல்ஸ் 2001இல் அதை நிறுத்திக்கொண்டது. இங்கிலாந்து 2016 முதல், ஆரம்பப்பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்கள் பிறகு எவ்வளவு முன்னேறினார்கள் என்று அளந்தது. ஆஸ்திரேலியா 2010இல் திறந்த இணையத்தளத்தில், குடும்பப் பின்னணி ஒத்த பள்ளிகளையே பக்கத்தில் வைத்தார்கள். இவையும் குறையற்றவை அல்ல. ஆனாலும் கேள்வி சரியானது.

இதற்காக முடிவுகளை மூடி மறைக்கச் சொல்வது தவறு. வரி கட்டும் பெற்றோருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. 'எங்கள் பிள்ளைகள் ஏழைகள், என்ன செய்வது' என்று கையை விரிக்கும் பள்ளியும் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு இந்த வாதம் குடையாகிவிடக் கூடாது.

பள்ளி தேடும் பெற்றோர் அலுவலகத்தில் இரண்டு விவரம் கேட்கலாம். ஒன்று, படிவம் ஒன்றில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாண்டு கழித்து எஸ்பிஎம் எழுதினார்கள்? பாதியில் நின்றவர்கள் எந்தச் சராசரியிலும் வருவதில்லை. அவர்கள் போகப் போகப் பள்ளியின் எண் அழகாகவே தெரியும். இரண்டு, மலாய் மொழியில் பின்தங்கி வந்தவர்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள்? கைப்பேசிப் பட்டியலில் இவை இரண்டும் இருக்காது. பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும்.