சிஸ்டருக்கு முதல்ல தூக்கம் வேணும்

மே 12 செவிலியர் தினம் வந்தா மெழுகுவர்த்தி, கேக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் உண்டு. சில ஆஸ்பத்திரிகளில் இப்போ ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்பும் நடக்குது. நைட் டூட்டி முடிச்சவங்களை காலையில ஹால்ல உட்கார வச்சு, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க"ன்னு சொல்றாங்க. பாவம், அவங்க கண்ணு ஏற்கெனவே சொருகிட்டு இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 பட்டியலில் 'பர்ன்அவுட்'டை நோயாகச் சேர்க்கலை. பணியிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் நாள்கணக்கில் விட்டதால் வருவதுன்னு சொல்லுது. அப்போ நாம முதல்ல பார்க்க வேண்டியது டூட்டி லிஸ்ட்டை.

ராத்திரி மூணு மணி. ஒரு பெட்ல நோயாளி இறந்துடுறார். நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்ததில் சிஸ்டரும் ஒருத்தர். ட்யூப் எல்லாம் எடுத்து, உடம்பைத் துடைச்சு, சொந்தக்காரங்க அழுகையையும் கோபத்தையும் வாங்கிக்கிறதும் அவங்கதான். அதுக்குள்ள பக்கத்து பெட்ல டிரிப் முடிஞ்சிருச்சு. அங்கே போய் "என்னம்மா, வலி பரவாயில்லையா?"ன்னு சாதாரணமா கேக்கணும். அழணும்னா ஸ்டோர் ரூம்ல ரெண்டு நிமிஷம்.

அந்த நேரத்துல இன்னொருத்தர் அவங்க பெட்டுகளை ஒரு கால் மணி நேரம் பார்த்துக்கிட்டா போதும். ஆனா அந்த இன்னொருத்தர் எங்கே? போதனா மருத்துவமனை பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ்னு இந்திய நர்சிங் கவுன்சில் விதிமுறை இருக்கு. ராத்திரியில வார்டுல துணைக்குப் படுத்தவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.

சம்பளக் கதை தனி எபிசோடுக்கு வரும். ஒண்ணு மட்டும்: கொரோனா காலத்தில் தமிழ்நாடு அரசு தற்காலிகமாக எடுத்த நர்ஸுகளோட பணி 2022 டிசம்பர் 31-ஓட முடிஞ்சு போச்சு. நாம கைதட்டினது அவங்களுக்கும் சேர்த்துதான்.

இன்னொரு சிக்கல், தன் ஆஸ்பத்திரி மனநல ஓபியில் போய் ஒரு நர்ஸ் உட்கார முடியாது. சீட்டு போடுறவர்ல இருந்து எல்லாரும் தெரிஞ்சவங்க. அதனால இதைக் கேட்கிற நர்ஸுகள் 14416-ஐ குறிச்சு வச்சுக்கங்க. மத்திய அரசோட டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

வீட்டுல நைட் டூட்டி பார்க்கிறவங்க இருந்தா, பகல்ல காலிங் பெல்லை ஆஃப் பண்ணி வைங்க. குக்கர் விசிலையும் கொஞ்சம் பார்த்துக்கங்க.