நெஞ்சுக்குள்ள பஞ்சு

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "தெரபின்னா உள்ள போய் என்னதான் பேசுவாங்க?" எனக்குத் தெரிஞ்சது என் கதை மட்டும்தான். அதையே சொல்றேன்.

எனக்கு ஊர் வருசநாடு. தேனி மாவட்டம், மூல வைகை இறங்கி வர்ற மலையடிவாரம். தென்னை, கொட்டமுந்திரி, இலவம்பஞ்சு. சின்ன வயசுல கோடை லீவு முழுக்க அம்மாகூட உட்கார்ந்து இலவங்காய் உடைச்சிருக்கேன். மூக்கு, வாய், தலைமுடி எல்லாம் பஞ்சா இருக்கும்.

சென்னையில வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் தூக்கம் கெட்டுச்சு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அவ்வளவுதான். குளிக்கிறதே பெரிய வேலையாத் தெரிஞ்சது. ஆனா அழுகை வரல. சோகமா இருந்தாத்தான டிப்ரஷன்? எனக்கு சோகமே இல்லையே, வெறும் சோம்பேறித்தனம்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள், காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. மறுநாளும் தோணுச்சு. பயந்துபோய் ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

அம்மா கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இதைச் சொன்னா சென்னை நண்பர்கள் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. என் தூக்கத்தைப் பத்தி மொத்தக் குடும்பமும் ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்து கவலைப்பட்டது அன்னைக்குத்தான். உடுக்கை அடிச்சு, "புள்ள எங்கயோ பயந்திருக்கு"ன்னாரு. அது பொய்யும் இல்ல. ஆனா அவர் பேசினாரு, அம்மா பேசினாங்க, அத்தை பேசினாங்க. நான் வாயைத் திறக்கவே இல்ல.

அடுத்த வாரம் சித்தி மகன் என்னைக் கானாவிலக்குக்குக் கூட்டிட்டுப் போனான். கண்டமனூர் விலக்கு, போர்டுல க.விலக்கு, எங்க வாயில கானாவிலக்கு. எங்க ரோடு மதுரை ரோட்டைத் தொடற இடம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கதான். பிரசவம், பாம்புக்கடி, விபத்து எல்லாத்துக்கும் எங்க ஆளுங்க அங்கதான் போவாங்க. மனநலப் பிரிவும் அங்கேயே இருக்கு, எனக்கு அதுவரைக்கும் தெரியாது. டாக்டர் மாத்திரை எழுதினாரு, கூடவே பேச்சு சிகிச்சையும் வேணும்னாரு.

பஸ்ஸுல அம்மா கேட்டாங்க: "பேசறதுக்கு எதுக்குடி டாக்டரு? எங்கிட்டப் பேச வேண்டியதுதான?"

எங்கிட்டப் பதில் இல்ல. அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

சென்னையில முதல்ல போன கவுன்சலர் இங்கிலீஷ்லயே பேசினாரு. "ஹவ் ஆர் யூ ஃபீலிங்?"னு கேட்டா, ஆபீஸ் பழக்கத்துல "ஃபைன்"னு வந்துடும். பாசிட்டிவா யோசிங்கன்னாரு. மூணு தடவையோட நின்னுட்டேன். தெரபியே நமக்கு ஒத்து வராதுன்னு முடிவு பண்ணிட்டு நாலு மாசம் சும்மா இருந்தேன். மனசு தானா சரியாகட்டும், அப்புறம் எல்லாம் பண்ணிக்கலாம்னு. எங்க ஊர்க்காரி இலவு காத்த கிளியா உட்கார்ந்திருந்தேன்.

ஆள் சரியில்லன்னா மாத்தலாம், அது தப்பில்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்றவங்ககிட்ட ஆர்.சி.ஐ. பதிவு இருக்கான்னு கேக்கலாம். சங்கடப்படாதீங்க, எலக்ட்ரீஷியன்கிட்டயே நாலு கேள்வி கேக்கறோம்.

ரெண்டாவதா கிடைச்சவங்க மதுரைப் பக்கம். "எப்படிம்மா இருக்கு?"ன்னாங்க. "நெஞ்சுக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு"ன்னேன். நான் யோசிச்சுச் சொன்னது இல்ல, அதுவா வந்துச்சு. அவங்க அறிவுரை சொல்லல. "அந்தப் பஞ்சு எந்த நேரத்துல கூடுது, எப்பக் கொஞ்சம் குறையுது?"ன்னு கேட்டாங்க. யாரும் எங்கிட்ட அதுவரைக்கும் கேக்காத கேள்வி. அம்பது நிமிஷம் நான்தான் பேசினேன்.

அப்புறம் ஒரு நோட்டுல மணிக்கணக்கா எழுதச் சொன்னாங்க: என்ன செஞ்சேன், அப்போ மனசு பத்துக்கு எவ்வளவு. ரெண்டு வாரத்துல தெரிஞ்சது, லீவு நாள்ல படுத்தே கிடக்கிறப்பதான் மார்க் ரொம்பக் குறைவு. கீழ் வீட்டுப் பாட்டிக்குத் தண்ணி கேன் தூக்கிக் குடுத்த அன்னைக்கு நாலு. சரி, தினம் அந்த மாதிரி ஒண்ணு. மனசு வந்தப்புறம் செய்யலாம்னு காத்திருக்காம, செஞ்சா பின்னாடியே மனசு கொஞ்சம் வரும். இதுக்குப் பேரு பிஹேவியரல் ஆக்டிவேஷன். கேக்கவே சப்புன்னு இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஆனா கோவாவுல விக்ரம் படேல் குழு இதையே ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல செஞ்சு பார்த்தாங்க. பேசினவங்க மனநல நிபுணர்கள் இல்ல, பயிற்சி எடுத்த உள்ளூர் ஆட்கள். ஆறுல இருந்து எட்டு அமர்வு. கடுமையான மனச்சோர்வு இருந்தவங்களுக்கே பலன் இருந்துச்சுன்னு 2017 லான்செட்ல வந்தது. படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இது கடமலைக்குண்டுல கிடைச்சா, எங்க ஊர்ல ஒருத்தி சென்னைக்கு வந்து தடவைக்கு ஆயிரம் ரூபா குடுக்க வேண்டியதில்லையே. 2015-16ல நிம்ஹான்ஸ் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இருபதுல ஒருத்தருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது மனச்சோர்வு வந்திருக்குன்னு சொல்லுது. எங்க டவுன் பஸ்ஸுல ஏறுற கூட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க.

எனக்கு வந்த மாதிரி, எந்திரிக்காமலே போயிடலாம்னு யாருக்காவது தோணுதுன்னா, ஊருக்கு பஸ் ஏறுற வரைக்கும் காத்திருக்காதீங்க. 14416, டெலி மானஸ். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம்.

பதினாறு தடவை போனேன். மாத்திரையை டாக்டர் சொன்ன மாதிரி மெதுவாக் குறைச்சோம். இப்பவும் சில வாரம் பஞ்சு வரும். வந்தா நோட்டை எடுப்பேன்.

அம்மா இப்போ கோபிக்கிறதில்ல. போன மாசம் போன்ல பேசிட்டிருந்தப்ப, "மூணு மணிக்கு முழிப்பு வருமே உனக்கு, அதுக்கு அந்த அம்மா என்ன சொன்னாங்க?"ன்னாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ரெண்டு மணிக்கு முழிச்சாலும் அதேதானா?"ன்னாங்க.

எத்தனை வருஷமாம்மான்னு கேக்கறதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். நேர்ல கேக்கணும்.