கிழங்கு விலையும் இருவேல்பட்டும்

சேலம் சூரமங்கலத்தை அடுத்த ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிறது சேகோசர்வ். 1981-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். சேலம், நாமக்கல் வட்டார ஆலைகள் குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் மூட்டை மூட்டையாக அங்கே வந்திறங்கி மறைமுக ஏலத்தில் விற்பனையாகின்றன. பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்கள் நாலைந்து பேரை அந்த வாசலுக்கு அழைத்துவந்து, “குச்சிக்கிழங்கு விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். அத்தனையும் சரியாகவே இருக்கும்.

வேளாண் பொருளாதாரம் படித்தவர் காட்டிலிருந்து தொடங்குவார். நல்ல விலை கிடைத்த ஆண்டில் எல்லோரும் கிழங்கு நடுகிறார்கள். பத்து மாதம் கழித்து எல்லார் கிழங்கும் ஒன்றாக ஆலைக்கு வருகிறது, விலை சரிகிறது. தொழிலாளர் பொருளாதாரக்காரர் கிழங்கு பிடுங்கும் ஆள்கூலியைக் கேட்பார். பொது நிதி வல்லுநர் வரியைப் பார்ப்பார். ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது சுற்றுச்சூழல் பொருளாதாரத்தின் கேள்வி. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் இந்தப் பிரிவுகளுக்கு ஆங்கில எழுத்துகளே கொடுத்திருக்கிறது: தொழிலாளர் துறைக்கு ‘ஜே’, பொது நிதிக்கு ‘ஹெச்’, வேளாண்மைக்கும் சுற்றுச்சூழலுக்கும் சேர்த்து ‘க்யூ’. உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகள் இந்த எழுத்துகளின் கீழ்தான் அடுக்கப்படுகின்றன.

கிழங்கு போட்ட நேயர்களுக்கு ‘பாயிண்ட்’ விஷயம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எடை மட்டும் போதாது. மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் ஆலையில் விலை போடுகிறார்கள். அளக்கும் கருவி வாங்குபவரிடம், கிழங்கு விற்பவரிடம். ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாவிட்டால் சந்தை என்ன ஆகும் என்பதற்கே தனித் துறை உண்டு. பழைய கார் விற்பனையை வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை அதற்கு அடித்தளம். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மறைமுக ஏலத்துக்கும் வல்லுநர்கள் உண்டு: ஏல ஆய்வுக்காக பால் மில்க்ரமும் ராபர்ட் வில்சனும் 2020-இல் அதே பரிசைப் பெற்றார்கள்.

இத்தனை துறைகளும் ஒரே ஊரில் ஒன்றுகூடிய கதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்த உரையின் மீதி நேரம் அதற்குத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் எப்படித் தனியார் வேலிக்குள் போயின என்பதில் வல்லவர். 1907-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். சென்னைக்கு வந்தவர் கையோடு கொண்டுவந்த பாடத்தை மட்டும் நடத்திக்கொண்டிருக்கவில்லை. மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எத்தனை கடன் என்று எழுதிவரச் சொன்னார். அவை 1918-இல் நூலாயின. அந்தக் கிராமங்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு.

அதோடு முடியவில்லை நேயர்களே! முப்பதுகளில் பேராசிரியர் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து ஸ்லேட்டரின் கிராமங்களை மறு ஆய்வு செய்தார். தாமஸோ கிழக்கிந்தியக் கம்பெனி வாணிப வரலாற்றில் தேர்ந்தவர். அறுபதுகளில் ஆய்வாளர் மார்கரெட் ஹாஸ்வெல் இருவேல்பட்டுக்கு வந்தார். எண்பதுகளில், முன்பு தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மானிடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் இருவேல்பட்டுக்குப் போனார். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் போனார்கள்.

நிலம், வாணிபம், நிதி, சாதி, கூலி என்று ஒவ்வொருவர் கவனமும் ஒவ்வொன்றில். ஊரோ அதே ஊர். அதனால்தான், ஸ்லேட்டர் காலத்து ஆய்வு நடந்த 1916-இல் பெருநிலக்கிழார் குடும்பத்தின் கைக்குள் இருந்த அந்த ஊரில், அந்தப் பிடி தளர்ந்ததையும், உழைப்பாளிகள் வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிப் போனதையும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு வரிசைப்படுத்திச் சொல்ல முடிகிறது. ஒரு துறை வல்லுநர் ஒருமுறை வந்துபோயிருந்தால் இது கைக்கு வந்திருக்காது.

நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். 1997 முதல் சேலத்துக்குச் சொந்தமாகப் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. சேகோ ஆலை, நாமக்கல் கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி என்று படிக்க ஒரு உலகமே இருக்கிறது. பொருளாதாரம் படிக்கும் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையில் தன் ஊரின் நிலத்தையும் கூலியையும் கடனையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டு கழித்து வேறொரு துறைக்காரர் அதே ஊருக்கு வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த நோட்டு அவருக்கு வேண்டியிருக்கும்.