பிரித்துக் கோர்த்தபின் கிளம்பாத ஆயில் எஞ்சின்



நெல் பூக்கும் தருணத்தில் வயல் காய்ந்தால் பதர் மிகும். அந்த நேரம் பார்த்து, பல்சக்கரம் மாற்றிக் கோர்த்த ஆயில் எஞ்சின் கிளம்ப மறுப்பதுண்டு. உடனே இருவர் சேர்ந்து கைப்பிடியை மூச்சுப்பிடித்துச் சுற்றுவார்கள். இது கூடாது. பிரிப்பதற்கு முன் நன்றாக ஓடிய எஞ்சின் என்றால், கை வைத்த இடங்களில்தான் முதலில் குறையைத் தேடவேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. டீசலை அடைத்து, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இரும்பில் இரும்பு முட்டுவதுபோல் நின்றால், அத்துடன் நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். பலவந்தம் செய்தால் வால்வு வளையும்.

2. தடையின்றிச் சுற்றினால், டீசலைத் திறந்து, பில்டரிலும் பம்பிலும் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். குமிழி நிற்கும்வரை டீசல் வழியட்டும். பிறகு திருகை இறுக்கிச் சுற்றினால் நாசிலில் 'கிர்' என்று ஒலி கேட்கவேண்டும். கழற்றிய நாசிலின் பீச்சலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே பாயும்.

3. லீவரை இறக்கி மெதுவாகச் சுற்றுங்கள். அமுக்கம் எதிர்த்துத் தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை எனலாம். டேப்பெட் இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் கண்ட அளவுக்கு வையுங்கள்.

4. இவை சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால், மூடியைத் திறந்து பல்சக்கரங்களில் உள்ள குறிகளைப் பாருங்கள். காரில் பல் பெல்ட் செய்யும் வேலையை இங்கே இவை செய்கின்றன. கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். கிராங்க் சக்கரத்தில் 30 பற்கள் என்று கொண்டால், ஒரு பல் தவறினாலே 12 பாகை மாறிவிடும். வால்வு திறக்கும் நேரம் மட்டுமல்ல, கேம் இயக்கும் பம்பு டீசல் பீச்சும் நேரமும் பிசகும். அமுக்கம் ஓரளவு இருப்பதால் குறிகள் சரியென்று எண்ணிவிடக்கூடாது.

மெக்கானிக் மூடியை மாட்டும் முன் உடனிருந்து இக்குறிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். தண்ணீருக்கு ஏங்கும் பயிரை வைத்துக்கொண்டு எஞ்சினை மறுபடி பிரிக்கும் நிலை வராது.