ரேகை விழலையா? கருவிழி இருக்கு!

மின்னணுப் பொறியியல் கருத்தரங்குன்னா சிப், சென்சார்னு பேசுவாங்க, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. ரேஷன் கடையில் "ரேகை விழல பாட்டி"ன்னு சொன்னா, அந்தப் பாட்டிக்கு அது அரிசிப் பிரச்சினை.

விரல்ரேகைக் கருவி ரேகையின் மேடு பள்ளங்களைத்தான் படம் பிடிக்கிறது. வயல் வேலையாலும் வயதாலும் மேடுகள் தேய்ந்தாலோ, தோல் வறண்டாலோ படம் தெளிவாக விழாது. தப்பு பாட்டி மேல இல்லை.

விரலையும் கருவியின் கண்ணாடியையும் துடைத்து, வேறு விரலை வைத்துப் பாருங்க. கருவிழி ஸ்கேனர் இருந்தா கேளுங்க. அது அகச்சிவப்பு ஒளியில் கருவிழியின் வரிகளைப் படிக்கும். அவை கைவேலையால் தேயாது. ஆதாரில் 10 விரல்களோடு 2 கருவிழிகளும் பதிவாகியிருக்கும். பழைய ரேகைப் பதிவை ஆதார் மையத்தில் புதுப்பிக்கலாம்.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இதை இன்னைக்கே சொல்லுங்க.