மேல்தொட்டியில் ஏறும் வெயில்



மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. 2006-இல் அந்த ஊராட்சி தனக்கென்று ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட் திறன். விலை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்து முயற்சி அது. காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை, காற்று நன்றாக அடிக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில். அங்கே சுற்றிக் கிடைக்கிற மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் கலந்துவிடும். ஊரின் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் எடுக்கும் யூனிட் அதில் கழியும். மிச்சத்துக்குப் பணம் வரும். அந்தப் பணத்திலேயே கடனையும் அடைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே தனிக் கம்பி எதுவும் கிடையாது. ஒரு கணக்குதான் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை எல்லோரும் நம்பினால் பகிர்வு நிலைக்கும். என் வேலையும் இதைச் சுற்றித்தான். சென்னைப் பக்கம் திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குத் தண்ணீர், கரண்ட் கணக்கு பார்க்கும் செயலிகளை வடிவமைக்கிறேன்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 2016-இல், நம் நாட்டில் லக்னோவில் 2020 வாக்கில், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கே விற்கும் சோதனைகள் நடந்தன. பெரிய விஷயங்கள்தான். ஆனால் இன்றைக்கு நான் பேச ஆசைப்படுவது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற காமன் மீட்டரைப் பற்றி.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு அந்த மீட்டரைத் தெரியும். மோட்டார், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் எல்லாம் அதில் ஓடும். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் அதற்குக் கிடையாது. 2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று வந்தபோது சின்னக் குடியிருப்புகள் திணறின. 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். திருமுல்லைவாயிலில் அப்படிப்பட்ட கட்டடங்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. கூரையில் பேனல் போட நல்ல இடமும் அவைதான். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் பேனல் சென்னை வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடச் சுமார் ஒரு யூனிட் ஆகும்.

ஆனால் நம் பக்கத்தில் மோட்டார் போடும் நேரம் விடியற்காலை ஐந்து மணி! வெயிலோ பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் சம்ப்பிலிருந்து தண்ணீரை ஏற்றி வைத்துவிட்டால், மேல்தொட்டியே அந்தக் கட்டடத்தின் பேட்டரி. தனியாகப் பேட்டரிக்குச் செலவழிக்க வேண்டாம். எனக்கு இதைச் சொல்லச் சொல்ல அலுப்பதே இல்லை.

இதற்கான செயலியை யாருக்காக வடிவமைப்பது? செகரட்டரி கையில் நல்ல போன் இருக்கும். மோட்டார் சுவிட்சைப் போடுபவர் வாட்ச்மேன் வீட்டு அக்கா. அவரிடம் பட்டன் போன். அதனால் ஒரு குடியிருப்பில், தொட்டியில் இடமும் வானத்தில் வெயிலும் இருந்தால், அவருக்கு ஒரு அழைப்பு போகும்படி செய்தோம்: "அக்கா, வெயில் நல்லா இருக்கு, மோட்டார் போடலாம்." அவ்வளவுதான். திரை இல்லை, பாஸ்வேர்டு இல்லை.

அதே கட்டடத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். "நான் சொட்டுத் தண்ணி எடுக்கல, மோட்டார் காசு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எதிர்வீட்டுக்காரர், "பேனலுக்கு நீங்களும்தானே பணம் போட்டீங்க, அந்த லாபம் மட்டும் வேணுமா?" என்றார். அதுவும் நியாயம். இங்கே செயலி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கூட்டம் போட்டு அவர்களே முடிவெடுத்தார்கள்: விளக்குச் செலவு எல்லோருக்கும் சமம், மோட்டார் செலவு குடியிருப்பவர்களுக்கு. அந்த முடிவும் தேதியும் செயலியில் ஏறின. இனி யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

இரண்டாம் மாடிப் பாட்டி கேட்டதையும் சொல்லியாக வேண்டும். "தம்பி, எங்க வீட்ல எத்தனை மணிக்குக் குளிக்கிறோம்னு இதுல எல்லாருக்கும் தெரியுமாப்பா?" வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்து அரை மணிக்கொரு முறை அளவெடுத்தால், தெரியும் நேயர்களே. யார் வீட்டில் இல்லை, யார் இரவு கண் விழிக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். அதனால் பொதுவில் காட்டுவது இரண்டு மாத மொத்தம் மட்டும். அதுவும் தாளில் அச்சாகி மீட்டர் பெட்டிப் பக்கத்தில் ஒட்டப்படும், பாட்டி கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவு எழுத்தில்.

நேரம் முடியப் போகிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செயலி இருக்கட்டும். அடுத்த முறை ரீடிங் எடுக்க வரும்போது, காமன் மீட்டரின் எண்ணை ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். ஒரு வருடக் கணக்கு சேர்ந்துவிட்டால், உங்கள் கூரைக்கு எத்தனை கிலோவாட் போதும் என்று விற்பனைக்கு வருபவரிடம் நீங்களே சொல்லலாம். திருமுல்லைவாயிலில் சில கூரைகளாவது அந்தக் கணக்கோடு வெயிலைப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.