தன்வழி நின்ற திரைக் கலைஞர்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த பழமொழி. மாதம் முடிந்ததும் சம்பளம். முதுமை வந்ததும் ஓய்வூதியம். இவ்விரண்டையும் இழித்துப் பேசும் உரிமை எனக்கில்லை. யானும் அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபரே. பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி ஆலோசனை கேட்டுவரும் பெற்றோர்க்கு, அப்பழமொழியின் பொருளையே வேறு சொற்களிற் கூறி அனுப்பியிருக்கின்றேன். ஆயினும், இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அப்பழமொழிக்கு மாறாக நடந்த ஒருவரின் வாழ்க்கை.

அவர் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். 1955ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னர், அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். அவர் தனியே போகவில்லை. ஒளிப்பதிவாளரான வில்லியம் பிளேக்கும், படத்தொகுப்பாளரான டைட்டஸ் தொட்டவத்தவும் உடன் சென்றனர். தமது விருப்பப்படி ஒரு படம் எடுப்பதே மூவரின் நோக்கமுமாகும். அவர்தாம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்.

பீரிஸ் 1919ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆம் திகதி தெகிவளையிற் பிறந்தார். ஆங்கிலம் வழங்கிய கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. இளமையிலேயே படிப்பை விட்டுப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். பின்னர் இலண்டன் சென்றார். அங்கே அவருடைய சகோதரர் ஐவன் பீரிஸ் ஓவியம் பயின்றுகொண்டிருந்தார். பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே சிறு படங்கள் சிலவற்றை எடுத்துப் பழகினார் லெஸ்டர். ஆங்கிலேயரான ரால்ப் கீன் என்பவரின் அழைப்பை ஏற்று, 1952ஆம் ஆண்டில் நாடு திரும்பி அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்தார். உலர்வலயத்தைப் பற்றியும் வீதிப் பாதுகாப்பைப் பற்றியும் அங்கே விவரணப் படங்கள் எடுத்தார். அவை பயனுள்ள படங்களே. ஆனால், எதைச் சொல்வது என்பதை அங்கே தீர்மானித்தவர் அவரல்லர்.

அக்காலச் சிங்களப் படவுலகம் எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தாலன்றி, அவர் செய்த காரியத்தின் அருமை விளங்காது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவான இடம் மதுரையில் இருந்த அவரது கலையகம். அதன் பின்னரும் நெடுங்காலம் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலேயே தயாராகின. நடிகர்கள் கடல் கடந்து சென்று, அட்டையிலும் துணியிலும் அமைந்த கிராமத்தில் நின்று சிங்களம் பேசித் திரும்பினர். கதையும் பாட்டும் ஆட்டமும் பெரும்பாலும் தமிழ், இந்திப் படங்களின் பிரதிகள். அந்நாளில் நமது மொழிப் படங்களே அவர்களுக்கு மாதிரியாயின. நல்ல மாதிரியாகத்தான் இருந்தனவா என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இந்நிலையிலே பீரிஸ் கலையகத்தை விட்டு வெளியே வந்தார். மெய்யான வயலிலும் வீதியிலும் குளக்கரையிலும் கமராவை நிறுத்தினார். தாமே எழுதி நெறிப்படுத்திய 'ரேகாவ' 1956ஆம் ஆண்டு டிசம்பரில் திரைக்கு வந்தது. விதியின் கோடு என்பது அப்பெயரின் கருத்து. கிராமத்துச் சிறுவன் ஒருவன். அவனுக்குத் தோழியான ஒரு சிறுமி. கண்ணொளி இழந்த அச்சிறுமிக்கு அவன் கைபட்டதும் பார்வை திரும்புகின்றது. ஊர் அவனைத் தெய்வ அருள் பெற்றவனாகக் கொண்டாடுகின்றது. தகப்பன் அதனை வருவாயாக்கப் பார்க்கின்றான். பின்னர் வேறொரு சிறுவன் இறந்துபோகின்றான், மழையும் பொய்க்கின்றது. கொண்டாடிய அதே ஊர் அவன்மேற் பழி சுமத்துகின்றது. கதை இவ்வளவே.

'ரேகாவ' 1957ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கான் திரைப்பட விழாவிற் போட்டிக்கு ஏற்கப்பட்டது. அறிஞர் புகழ்ந்தனர். ஆனால் உள்ளூரிலே சனங்கள் வரவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை. படத்திலே சிறுவனைக் கைவிட்ட ஊரைப் போலவே, வெளியே படத்தைக் கைவிட்டது நாடு.

நேயர்களே, இந்த இடத்திலேதான் ஒரு கலைஞனின் உண்மையான சோதனை தொடங்குகின்றது. முதற் படத்தை எடுப்பதற்குத் துணிவு போதும். தோல்விக்குப் பின் அடுத்த படத்தை எடுப்பதற்குத் துணிவு மாத்திரம் போதாது; பிறருடைய பணமும் வேண்டும். பணம் வருமிடத்திலிருந்து நிபந்தனையும் வரும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1960இல், அவரது இரண்டாவது படமாகிய 'சந்தேசய' வெளிவந்தது. தயாரித்தவர் கே. குணரத்தினம் என்னும் தமிழ் வர்த்தகர். போர்த்துக்கேயர் காலத்துக் கதை. போரும் பாட்டும் நிறைந்த படம். அது நன்றாக ஓடியது. பீரிஸ் வழிக்கு வந்துவிட்டார் என்று படவுலகத்தார் எண்ணியிருத்தல் கூடும். அவரோ மூன்று ஆண்டுகளின் பின் 'கம்பெரலிய' என்னும் படத்துடன் வந்தார்.

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் அது. கிராமத்தின் மாற்றம் என்பது தலைப்பின் பொருள். தென்னிலங்கையில் ஒரு பழைய பெருங்குடி மெல்ல மெல்ல நொடித்துப்போவதும், வியாபாரத்தாற் பணந்தேடிய புதிய வகுப்பினர் தலையெடுப்பதும் அதன் பொருள். றெஜி சிறிவர்த்தன திரைக்கதை எழுதினார். பீரிஸின் துணைவியாகிய சுமித்திரா படத்தைத் தொகுத்தார். கலையகத்தை நாடாமல், உண்மையான பழைய மனையொன்றிலேயே படம் பிடித்தனர். சண்டையோ, ஆட்டமோ, கோமாளிக் காட்சிகளோ இல்லை. 1965ஆம் ஆண்டு புதுடில்லியில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழாவில் அப்படம் தங்க மயில் விருதைப் பெற்றது. அவ்விழாவின் நடுவர் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சத்தியஜித் ராய்.

அவரது மிகச் சிறந்த படமெனப் பலர் கூறும் 'நிதானய' தோன்றியதோ, பெரிய கம்பனியாகிய சிலோன் தியேட்டர்ஸின் ஆதரவில். அக்கம்பனியின் பி. ஈ. அந்தோனிப்பிள்ளை தயாரிப்பாளர். புதையலுக்காகக் கன்னியொருத்தியைப் பலியிட வேண்டுமென்று நம்பும் ஒரு செல்வக்குடி மகன், அதற்கென்றே அவளை மணந்துகொள்கின்றான். கொலை நிகழ்கின்றது, புதையல் கிடைக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் வெனிஸ் விழாவிலே பாராட்டுப் பெற்ற இப்படம், 2013ஆம் ஆண்டில் இத்தாலியிலே புதுப்பிக்கப்பட்டு மீண்டும் உலக அரங்கிற் காட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்வதன் நோக்கம் ஒன்றுண்டு. சுயாதீனக் கலைஞன் என்றவுடன், ஒருவரிடமும் கைநீட்டாத, ஒருவரோடும் சேராத தனிமனிதன் ஒருவனை நாம் கற்பனை செய்கின்றோம். பீரிஸ் அவ்வாறு இருக்கவில்லை. வர்த்தகரின் பணத்தை ஏற்றார்; கம்பனியின் பணத்தையும் ஏற்றார். பிறர் எழுதிய நாவல்களையும் சிறுகதைகளையும் எடுத்தாண்டார். திரைக்கதையைப் பிறரிடம் ஒப்படைத்தார். கமராவை நண்பரிடமும் படத்தொகுப்பை மனைவியிடமும் கொடுத்தார். அவர் கைவிடாதது ஒன்றே: எது உண்மை, எது பொய் என்று திரையிலே தீர்மானிக்கும் உரிமை. சுயாதீனம் என்பது பணம் யாருடையது என்பதில் இல்லை; முடிவு யாருடையது என்பதில் இருக்கின்றது.

இதன் விலையையும் அவர் செலுத்தினார். 1956 முதல் 2006 வரை ஐம்பது ஆண்டுகளில் அவர் எடுத்த கதைப்படங்கள் இருபதே. 1983க்கும் 1995க்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றும் வெளிவரவில்லை. 2018ஆம் ஆண்டு ஏப்ரில் 29ஆம் திகதி, தொண்ணூற்றொன்பதாவது வயதில், அவர் கொழும்பிற் காலமானார்.

இந்தக் கதையிலே தமிழருக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறத்தலாகாது. சிங்களத் திரைக்கு முதற் கலையகம் தந்தவர் தமிழர். பீரிஸ் இடறிய வேளையிற் கைகொடுத்தவரும் தமிழரே. அந்தக் குணரத்தினத்தின் ஹெந்தளைக் கலையகம் 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலில் எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. எரிந்தவை சிங்களப் படங்கள். பகைமைக்குக் கண் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லி முடிக்கின்றேன். 1977ஆம் ஆண்டில் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்கள நெறியாளர், யாழ்ப்பாணத்திற்கே வந்து, காவலூர் இராஜதுரையின் எழுத்தைக் கொண்டு 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தார். நமது வீடும், நமது பேச்சும், நமது சாதியும் சீதனமும் அதிலே இருந்தன. அது நெடுநாள் ஓடவில்லை. நாம் சென்னைப் படங்களைப் பார்க்கப் போய்விட்டோம். 'ரேகாவ'வைக் கைவிட்ட சிங்கள மக்களை நாம் குறை கூறுவதற்கு இடமில்லை.

ஒரு கலைஞன் உத்தியோகத்தைத் துறந்து வெளியே வருவது அவனுடைய துணிவு. அவன் வெளியே நிலைத்து நிற்பது பார்ப்பவர்களாகிய நமது பொறுப்பு. இனி என்னிடம் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, 'இவனுக்குப் படம் எடுக்க வேண்டுமாம், ஐயா' என்று தலையிலே கைவைத்து நிற்கும் தகப்பனாருக்குப் பழைய பழமொழியை உடனே சொல்லமாட்டேன். 'அவனுடன் செல்ல இரண்டு நல்ல நண்பர்கள் இருக்கின்றனரா?' என்று முதலிற் கேட்பேன். அடுத்து, 'அவன் எடுக்கும் படத்தை நீர் காசு கொடுத்துப் பார்ப்பீரா?' என்று கேட்பேன். அதே கேள்வியைத்தான் இன்று உங்களிடமும் விட்டுச் செல்கின்றேன்.